யாருடைய இடது பக்கம்

என் பெயரும் தந்தையார் பெயரும் தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டுள்ளன. வேலையிடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, 'கட்டடம்' என்று கேட்டால்தான் என்னைக் கைகாட்டுவார்கள் என்பதால், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். வயது முப்பத்தெட்டு. ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், மனைவியுடனும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுடனும் வசித்து வருகிறேன். நெடுஞ்சாலைக்குப் புதிதாகத் தார் போடும் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். அதற்கு முன்பு வீடும் கடையும் கட்டுகிற வேலையில்தான் இருந்தேன், அதனால் வந்த பட்டப்பெயர் அது. சாலை வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாக ஆகவில்லை. நான் இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ளவன். அது இந்த வழக்குக்குத் தேவையா என்று வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் அய்யா கேட்டதற்கு, தேவை என்று சொன்னேன்.

அந்த நெடுஞ்சாலை எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. நடுவில் மீடியன் சுவர் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். வண்டிகள் ஊர் இருப்பதே தெரியாததுபோல் போகும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மறுபக்கம் ஓட வேண்டும். நானும் மகளும் கடக்கும்போது, "அப்பா, நீங்க என் கையைப் பிடிக்கல, நான்தான் உங்க கையைப் பிடிச்சிருக்கேன்" என்று அவள் கேலி செய்வது வழக்கம். அது உண்மைதான்.

சாலைக்குத் தார் போடும்போது பழையபடியே கோடு போடாமல் மாற்றிப் போடலாம் என்று திட்டம் வகுத்தவர் ஒரு பெண் பொறியாளர். எந்நேரமும் சாக்கட்டியும் கையுமாக இருப்பதால் எங்கள் ஆட்கள் அவரைக் 'கோடு மேடம்' என்பார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் கூட்டம் போட்டு விளக்கினார். வண்டி ஓடும் பாதையைக் கொஞ்சம் குறுக்கினால் ஓட்டுகிறவர் கால் தானாக பிரேக்குக்குப் போகும் என்றும், மிச்சமாகும் இடத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை விடலாம் என்றும், பஸ் நிறுத்தத்தைச் சாலை கடக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டால் யாரும் ஓட வேண்டியதில்லை என்றும் சொன்னார். மெத்தைக் கடைக்காரர் எழுந்து, என் வேனை என் தலை மேலா நிறுத்துவது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. ஆனால் என் வாழ்நாளில் ஒரு வரைபடத்தைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு, தார் போடுவதற்கு முன் ஒருநாள் காலை ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. சாலையின் ஒரு பக்கத்தை மூடிவிட்டு, போகிற வண்டி வருகிற வண்டி எல்லாவற்றையும் மறுபக்கத்தில் விடுவது. மூடிய பக்கத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஊர்க்காரர்களை நடக்கச் சொல்லி, சைக்கிள் ஓட்டச் சொல்லி, எங்கே இடிக்கிறது எங்கே தடுக்குகிறது என்று கேட்டுக்கொள்வது. 'ஆஸ்பத்திரி எதிரே உள்ள சாலையில் ஒத்திகை' என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எதிரே என்றால் மறுபக்கம், அதாவது பங்க் பக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிய பக்கத்தைத்தான் அவர்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

முதல் நாள் சாயங்காலம் கோடு மேடம் எனக்குப் போன் செய்தார். "காலையில உங்க முனையில இடது பக்கத்தை மூடிடுங்க, கட்டடம் சார். இந்த முனையை நான் பாத்துக்கறேன்" என்றார். பட்டப்பெயரோடு சார் சேர்த்துச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். சரி மேடம் என்று சொன்னேன். வேறு பேச்சு இல்லை.

இந்த இடத்தை அய்யா இரண்டு முறை சொல்லச் சொன்னதால் மறுபடியும் சொல்கிறேன். கட்டட வேலையில் இடது என்றால், தெருவில் நின்று வாசலைப் பார்க்கும்போது வருகிற இடது. கொத்தனார், தச்சர், கம்பி கட்டுகிறவர் எல்லோருக்கும் அதுதான். சாலை வேலையில் அப்படி இல்லை. கிலோமீட்டர் கல்லில் எண் ஏறிக்கொண்டே போகிற திசையைப் பார்த்து நின்றால் எது இடதோ அதுதான் இடது, ஆள் எப்படித் திரும்பி நின்றாலும் அது மாறாது. இது எனக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரியும். அவர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, அதைப் போய் ஒருவனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இடது எது என்று போய் யாராவது கேட்பார்களா?

அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவியிடம், நாளைக்கு அங்கே ஒரு வண்டியும் வராது, பாப்பாவைச் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு வா என்று சொன்னேன். மகளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்ததிலிருந்து மாடி வராந்தாவைத் தாண்டி நான் ஓட்ட விட்டதில்லை. என் மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றாள். மகள் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டாள்.

காலையில் ஊருக்கு அந்தப்புறம் உள்ள முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். தலையில் ஹெல்மெட், தூசிக்காக முகத்தில் முகமூடி. ஒரு வீட்டு வாசலைப் பார்த்து நிற்பதுபோல் ஊரைப் பார்த்து நின்றேன். என் இடது கைப் பக்கம் பங்க் பக்கமாக இருந்தது, அறிவிப்போடும் பொருந்தியது. அதன் பிறகு ஆட்களை வைத்து அந்தப் பக்கத்தில் தடுப்புகளை இழுத்து வைத்து, கோன்களை அடுக்கி, ஊருக்குள் வரும் வண்டிகள் மீடியன் திறப்பு வழியாக ஆஸ்பத்திரிப் பக்கத்துக்குத் திரும்பும்படி அம்புக்குறிப் பலகையை நிறுத்தினேன். பலகை கோணலாக இருந்தது என்று அதைத் தட்டி நேராக்கினேன். அவ்வளவு அக்கறையாகத்தான் செய்தேன்.

அதன் பிறகு, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளில் முன்னால் நின்ற டவுன் பஸ்ஸை முதலில் விட்டேன். டிரைவர் என்னருகே நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "இப்படிப் போகலாங்களா?" என்று கேட்டார். நான் பச்சைக் கொடியைக் காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, பலகை காட்டிய வழியே மெதுவாகத்தான் திருப்பிக்கொண்டு போனார். தடுப்பு எதையும் அவர் தொடவில்லை.

பஸ் போன கையோடு, நான் மூடி வைத்திருந்த பங்க் பக்கத்தில், ஊருக்குள்ளிருந்து ஒரு லாரி வந்து என் தடுப்புக்கு முன் நின்றது. லாரி டிரைவர் சலிப்போடு, "அந்தப் பக்கம் மூடியிருக்குன்னு இங்க திருப்பி விட்டாங்க. நீங்க இங்கயும் மூடி வச்சிருக்கீங்க. வண்டி எங்கதாங்க போறது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோடு மேடம் மூடியது ஆஸ்பத்திரிப் பக்கம், ஜனங்கள் நிற்பது ஆஸ்பத்திரிப் பக்கம், நான் பஸ்ஸை அனுப்பியதும் ஆஸ்பத்திரிப் பக்கம். ஆட்களிடம் மற்ற வண்டிகளைப் பிடித்து நிறுத்தச் சொல்லிவிட்டு பஸ்ஸின் பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே விசிலை வாயில் வைத்து ஊதினேன், சத்தம் வரவில்லை. முகமூடிக்கு மேல் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறேன் என்பது வெகு தூரம் ஓடிய பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி மதில் வளைகிற இடத்தில் பஸ்ஸின் பின்பக்கம் மறைந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அந்த டிரைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், வேலையிடத்தில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். அதைத் தொடர்ந்து எதுவும் கேட்கவில்லை. நான் மதில் ஓரமாக நின்றுவிட்டேன். இன்னும் பத்தடி நடந்தால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. மனைவியும் மகளும் உயிரோடு இருப்பது அந்த மதிலுக்கு இந்தப்புறம் நிற்கிற வரைக்கும்தான் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அப்போது சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் வளைவைத் தாண்டினேன். வேலைக்காக ஓரத்தில் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் பஸ் மூக்கைச் செருகி, முன்பக்கம் மேலே தூக்கியபடி நின்றது. சாக்கட்டிக் கோட்டுக்குள், கோட்டை விட்டு ஒரு விரல்கூட விலகாமல், என் மகள் சைக்கிளில் உட்கார்ந்து மணியை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்து மூடுகிற இடம்தான் இருந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் மகளின் விரலை மணியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஒத்திகைக்கு வந்தவர்களில் யாருக்கும் அடிபடவில்லை. பயணிகளில் சிலருக்குச் சிராய்ப்பும் கண்டக்டருக்கு நெற்றியில் வெட்டும் ஏற்பட்டன. டிரைவரின் கால் நசுங்கி, கம்பி அறுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். மூடிய சாலையில் பஸ்ஸை விட்டுவிட்டான் என்று பயணிகளே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஒப்பந்தக்காரர் வந்தார். போலீஸ் வருவதற்குள் என் முனையில் இருந்த தடுப்பு, கோன், பலகை எல்லாவற்றையும் மீடியனுக்கு மறுபக்கம் மாற்றி வைக்கச் சொன்னார். ஒரு தடுப்பைப் படுக்கப் போடச் சொன்னார். என்னைத் தனியாக அழைத்துப்போய், "நீ கொடியே காட்டல. அவன் தடுப்பைத் தள்ளிட்டு உள்ள வந்தான். உனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு, பாத்து நடந்துக்க" என்றார். நான் தலையாட்டினேன். விபத்து நடந்த அன்று காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் கொடி காட்டவில்லை என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை, கால் போனது. டிரைவர் கட்டிலில் கிடந்தார். காவலுக்கு ஒரு காவலர் இருந்தார். பக்கத்தில் டிரைவரின் அக்கா உட்கார்ந்திருந்தார். சாலை வேலை செய்கிறவன் என்று மட்டும் சொன்னேன். ஹெல்மெட்டும் முகமூடியும் இல்லாததால் டிரைவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் என்னிடம், "எனக்குக் கொடி காட்டினாரே, அவரை உங்களுக்குத் தெரியுமாங்க? அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். பார்த்தால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு கோடு மேடத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அவர் கிலோமீட்டர் கல் கணக்கைச் சொன்னார். சொல்லிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் இங்கு வந்து வாக்குமூலம் கொடுப்பதாகச் சொன்னார். வருவாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் பயம் இருக்கும்.

வீட்டில் இரண்டு நாள் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் சைக்கிளைத் தொடவில்லை. இரண்டாம் நாள் என் மனைவி எதிரே வந்து உட்கார்ந்து, "நீங்க ஜெயிலுக்குப் போனா நான் எப்படியாவது பாத்துப்பேன். இப்படி உட்கார்ந்திருந்தா எனக்குப் பாத்துக்கத் தெரியாது" என்று சொன்னாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதன் பேரில் இன்று காலை நானாகவே புறப்பட்டு வந்தேன். வழி நெடுக ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் பைக்கில் பின்னால் வந்தார். இப்போதும் எதிர்க் கடையில் நிற்கிறார், இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. அய்யாவும் எட்டிப் பார்த்தார். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பூசி மெழுகாமல் சொல்வதென்றால், டவுன் பஸ் டிரைவர் என் கொடியையும் என் பலகையையும் நம்பி வந்தார். வளைவைத் தாண்டியதும் குழந்தையைக் கண்டு, தன் காலைப் பற்றி யோசிக்காமல் ஜல்லியில் ஏற்றினார். அது என் மகள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அவர் தேடுகிற ஆள் நான்தான்.

மேலே உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை. இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லாமல் இருக்கத்தான் மிரட்டினார்கள். தாளின் கீழே இடது பக்கம் கையெழுத்துப் போடும்படி அய்யா சொன்னபோது, யாருக்கு இடது என்று கேட்டேன். மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த அய்யா, எழுந்து சுற்றி வந்து, என் பக்கத்தில் நின்று, விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)