மண்ணில் தேடிய பல்

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் தோமஸ் அண்ணன் அவர்களே, ஒரே வரிசையில் தோளோடு தோள் அமர்ந்திருக்கும் பள்ளிவாசல் பெரியவர்களே, பங்குத் தந்தை அவர்களே, மணல் அளைந்த மழலைக் கைகளுக்கு மணி மணியாய் எழுத்துப் பழக்கும் ஆசிரியைகளே, மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாய் வந்திருக்கும் தாய்மாரே, கண்டக்குழியின் கண்மணிகளே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

என் பெயர் ஹஃபீலா. இந்தக் கரையோரப் பாடசாலைகளில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பல் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் கூட்டமொன்று முன்பாயில் இருக்கிறது. பயப்பட வேண்டாம் செல்லங்களே, ஊசி கொண்டுவரவில்லை.

பாற்பல்லைப் பற்றிப் பேசும்படி தலைவர் பணித்தார். பாற்பல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? முளைக்கும், ஆடும், விழும். விழுந்ததைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்போம். இடையிலே அடிபட்டால் "பால்பல்லுதானே" என்போம். அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லாத தாய் இங்கே உண்டா? பின்னாலே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். என் உம்மாவும் அதைச் சொன்னவர்தான்.

மன்னாரிலிருந்து நாங்கள் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. தங்கச்சி ஸும்ரா கைக்குழந்தை. கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்து அகதி முகாம், தென்னோலைக் கிடுகுக் குடிசை. துயரமான காலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வருவது மழையில் நனைந்த கிடுகின் வாசம். தண்ணீர் பவுசர் லொறி வரும் சத்தம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் ஆரவாரம். வீட்டை இழந்தவர்கள் பெரியவர்கள். எங்களுக்கோ அந்தத் தோட்டம் முழுவதும் வீடாய் இருந்தது. அந்த வெள்ளை மணலில்தான் ஸும்ரா நடை பழகினாள். அவள் இரண்டு எட்டு வைத்தால் பத்துக் குடிசைப் பெண்கள் கைதட்டுவார்கள். மேலே நான்கு பல், கீழே நான்கு பல், அத்தனையும் தெரியச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒன்றரை வயதானபோது, ஒரு பின்னேரம், உம்மா அவளை என் இடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனார். "ஓடாத மகள், புள்ள கவனம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் ஓடினேன். ஒன்பது வயது; என்னைப் பிடிக்க ஒருத்தி துரத்துகிறாள்; ஓடாமல் என்ன செய்வேன்? கால் தடுக்கியது. பிள்ளையின் வாய், குழாயடிச் சீமெந்து விளிம்பில் போய் மோதியது.

இரத்தம். அலறல். குடத்தைப் போட்டுவிட்டு உம்மா ஓடிவந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துப் பார்த்தால், மேல்முன் பல் ஒன்றைக் காணவில்லை.

"என்ன நடந்த?" என்றார்.

"அவ தானா நடந்து விழுந்துட்டா உம்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது.

குழாயடி மணலை அரித்து அரித்துப் பல்லைத் தேடினோம். பெண்கள் தேடினார்கள், பிள்ளைகள் தேடினார்கள். கிடைக்கவில்லை. "பால்பல்லுதானே, போனாப் போகட்டும்" என்று உம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் போனது. பல் போன இடத்திலே பல் எட்டிப் பார்த்தது. "பாத்தியா, அல்லாஹ் திருப்பித் தந்துட்டான்" என்று உம்மா முகாமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அந்தப் பல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமானது. அதற்கு மேலே, பல்லைப் பிடித்திருக்கும் முரசில் ஒரு சின்னக் கட்டி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. உம்மா கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீரால் கழுவினார். பால்பல்லுதானே.

ஏழு வயதில் ஸும்ராவின் தோழிகளுக்கெல்லாம் முன்பற்கள் வந்தன. இவளுக்கு ஒன்று வந்தது. மற்றது ஒன்பது வயதுவரை வரவேயில்லை. வந்தபோது முன்னுக்குச் சரிந்து, தேய்ந்து குழிந்து, பழுப்புப் படிந்து வந்தது. வகுப்பிலே "துருப்பல்லு" என்று பெயர் வைத்தார்கள். எட்டுப் பல்லும் தெரியச் சிரித்த பிள்ளை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசத் தொடங்கினாள். பேச்சுப் போட்டியில் முகாமுக்கே பெருமை தேடித் தந்தவள், அந்த வருடம் மேடை ஏற மாட்டேன் என்று கதவு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போது பதினேழு. அவள் வாயைப் பொத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் குழாயடி ஞாபகம் வரும். ஆனால் அந்த விழுகைக்கும் இந்தப் பல்லுக்கும் தொடர்பு உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்?

சொன்னவர் டொக்டர் நிஷாந்தினி. பாடசாலைக்கு வந்த நடமாடும் பல் சிகிச்சையில் ஸும்ராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பிள்ளை சின்னதில முகம் அடிபட விழுந்ததா?"

"ஓம் டொக்டர், ஒண்டரை வயசில. ஒரு பல்லுக் கழண்டு போச்சு. பிறகு அது முளைச்சிச்சு" என்றார் உம்மா.

"கழண்ட பால்பல்லு திரும்ப முளைக்காது உம்மா. அது கழலவே இல்ல. முரசுக்குள்ள இறங்கிப் போய் இருந்திருக்கு."

நாங்கள் மண்ணிலே தேடிய பல், பிள்ளையின் எலும்புக்குள்ளே இருந்திருக்கிறது.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பாற்பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே பெரிய பல் பிஞ்சாய் உருவாகிக்கொண்டிருக்குமாம். அடிபட்ட பல் உள்ளே போனால் அந்தப் பிஞ்சிலே இடிக்கலாம். அதனால் நிறம் மாறலாம், வடிவம் கெடலாம், வளையலாம், வரவே பிந்தலாம்.

"அண்டைக்கே காட்டியிருந்தா எல்லாத்தையும் தடுத்திருக்கலாம் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா அந்தச் சீழை இவ்வளவு வருசம் விட்டிருக்கத் தேவையில்ல."

அந்த இடத்திலேயே, "உம்மா, அவ தானா விழல்ல. நான்தான் அவளத் தூக்கிக்கொண்டு ஓடினேன்" என்று சொல்லிவிட்டேன்.

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும் மகள். அண்டைக்கு உன்ட ரெண்டு முழங்காலும் உரஞ்சி ரத்தம் வடிஞ்சிச்சே. நான் ஏசுவேன் எண்டு பயந்து ஒளிச்சிக்கிட்டு நிண்ட. உனக்கு ஒன்பது வயசு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதது நான்."

எட்டு வருடம் நான் சுமந்ததை உம்மாவும் பக்கத்திலேயே சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். ஸும்ரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அழாதீங்க, எனக்கு அது ஞாபகமே இல்ல" என்றாள்.

பழுப்பைச் சுரண்டிப் பல்லின் நிறத்திலேயே அடைத்தார்கள். சரிந்த பல்லுக்குக் கம்பி போட்டார்கள். புத்தளத்துக்கு மாதமொரு பஸ் பயணம், பதினாறு மாதம். மூவரும் ஒரே ஆசனத்தில் நெருக்கி உட்கார்ந்து, பாணும் சம்பலும் பொதிகட்டிக்கொண்டு போன அந்தப் பயணங்களைப்போல் இனிய பயணம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

அடுத்த பேச்சுப் போட்டியில் ஸும்ரா ஏறினாள். "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கும்போதே ஓர் ஆடு மேடையில் ஏறி, நடுவருடைய கடதாசியைத் தின்னத் தொடங்கியது. சபை சிரித்தது. அவளும் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. இரண்டு கையும் இரு பக்கமும் தொங்கிக்கொண்டே இருந்தன. உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பரிசு வேறு பிள்ளைக்குத்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் அந்த ஆட்டைப் பற்றித்தான் பேசினோம். இந்தத் தொழிலை நான் படிக்கப் போனதும் அந்த வருடம்தான்.

தாய்மாரே, விழாத பிள்ளை உலகில் உண்டா? அடிபடுகிற எல்லாப் பல்லும் கெடுமென்று நான் மிரட்டவில்லை. பல பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எது கெடும், எது கெடாதென்று மண்ணைப் பார்த்தா தெரியும்? வாயைப் பார்த்தல்லவா தெரியும்!

போன மாதம் மக்தலேனா அக்காவின் மகன் றொபி தோணியில் ஏறி விழுந்தான். ஓம் அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன். விழுந்த பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்கா ஓடிவந்து, "மிஸ், இதைத் திருப்பி நடுங்கோ" என்றார். பெரிய பல்லென்றால் உடனே நட்டுப் பார்க்கலாம். பாற்பல்லை நடக்கூடாது, கீழே இருக்கும் பிஞ்சுக்கு அது ஆபத்து. ஆனாலும் அக்கா செய்தது அருமையான காரியம். பல்லைக் கொண்டுவந்ததால் அது தொண்டைக்குள்ளும் போகவில்லை, முரசுக்குள்ளும் போகவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்தது. காணாமல் போன பல்லைக் காணும்வரை ஓயாதீர்கள்; கிடைக்காவிட்டால் அன்றைக்கே காட்டுங்கள். சாம்பல் நிறம் கண்டால் காட்டுங்கள். முரசில் கட்டி கண்டால் காட்டுங்கள். பெரிய பல் வரும்வரை வந்து காட்டிக்கொண்டே இருங்கள். எந்தத் தாயையும் நான் ஏச மாட்டேன். எந்த ராத்தாவையும், எந்த அக்காவையும், எந்த அண்ணனையும் ஏச மாட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்து வகுப்பறையில் ஒரு ரோச் லைற்றும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு இருப்பேன். எப்போதாவது விழுந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். யார் பிடித்திருக்கும்போது விழுந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

பேச இடம் தந்த தலைவருக்கும், மழலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே செவி தந்த தாய்மாருக்கும் என் நன்றி. உங்கள் பிள்ளைகளின் சிரிப்புக்கு ஸலாமும் வணக்கமும்.