நாத்தனாரின் வயலட் சென்ட்

காலை பத்தே கால் மணி. ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, முன் சீட்டில் இருந்த இளம்பெண் தன் மணிக்கட்டைப் பக்கத்திலிருந்தவளின் மூக்கருகே நீட்டினாள்.

“மோந்து பாருங்கக்கா, வாசம் செத்துப்போச்சா?”

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். நாத்தனார் மறந்துவிட்டுப் போன சென்ட் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அவங்களக் கேக்காம அடிச்சியா? என்ன பூவுடி இது?”

“வயலட்டாம்.”

“அந்தப் பூவ நீ பாத்திருக்கியா?”

“பாட்டில்ல படம் இருக்கு. அடிச்சதும் பூவா இருந்துச்சு. அப்புறம் கல்கண்டு, அப்புறம் குழந்தைக்குப் போடற பவுடர். அப்புறம் ஒண்ணுமே தெரியல. அதான் மறுபடி அடிச்சேன்.”

“அடிப்பாவி, அது எங்கயும் போகல. உன் மூக்குதான் மரத்துப்போச்சு. கண்டக்டரே திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.”

“அவங்களுக்குத் தெரிஞ்சா தொலச்சுடுவாங்கக்கா. கோயிலுக்குப் போயி துளசியத் தேச்சுக்கவா?”

“பெருமாளுக்கே தும்மல் வரும். பேசாம வா.”

ராஜகோபுரம் நிறுத்தத்தில் நாத்தனார் நின்றிருந்தார். “வாங்க, வாங்க” என்று இளையவளைக் கட்டிக்கொண்டார். மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

பிறகு தன் புடவைத் தலைப்பை எடுத்து மோந்து பார்த்தார்.