நாற்பது படம், ஒரே கை

— இன்னொரு தடவ போடு.

— வேணாம் தலைவரே. மூணு தடவ பாத்துட்டீங்க. நாலாவது தடவையும் அதேதான் வரும்.

— டேய் பக்கிரி, போடுன்னா போடு லா. ரிங்லெட் டவுனுலயே ஒங்கிட்டதான் கம்ப்யூட்டர் இருக்குன்னு வந்தேன் பாரு. இந்தச் சின்னக்கருப்பனோட கல்யாண வெள்ளி விழாடா இது. நாலு மணிக்கு எஸ்டேட் ஹால்ல துரையும் துரைசானியும் மாலையோட வந்து ஒக்காரப் போறாங்க. நானூறு சனம். டிவியில தாமரை விரியணும், நடுவுல நானும் என் துணைவியாரும் புன்னகை பூத்து நிக்கணும். இதத்தானே சொன்னேன்?

— தாமரை விரியுதே தலைவரே.

— விரிஞ்சு?

— விரிஞ்சு... நீங்க அக்காவ அடிக்கிறீங்க.

— நான் எங்கடா அடிச்சேன்! அது போட்டோடா! போட்டோ எப்படிடா அடிக்கும்?

— மணி என்னாச்சு, பக்கிரி தம்பி?

— ரெண்டு நாப்பது, ருக்குமணி அக்கா.

— நீ வாய மூடிக்கிட்டு அந்த நாக்காலில கெட. மணி கேக்குறாளாம் மணி. டேய், வெவரமா சொல்லு.

— நீங்க கொடுத்தனுப்பினது நாப்பது போட்டோ. அறுபத்து மூணுல நடந்த கல்யாணத்துலேர்ந்து இந்த எம்பத்தெட்டு வரைக்கும். ஒவ்வொண்ணையும் மேசையில வச்சு, மேல கேமராவ மாட்டி, புள்ளி புள்ளியா கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினேன். ஏத்துன படத்துக்குப் பேரு வைக்கணும். தலைவர் ஒண்ணு, தலைவர் ரெண்டுன்னு வச்சேன்.

— இந்த எஸ்டேட்டுக்கு ஒரே தலைவன்தான்டா. கோயிலுக்கும் நான்தான், பள்ளிக்கூடத்துக்கும் நான்தான், மரண சகாய சங்கத்துக்கும் நான்தான்.

— அதேதான் தலைவரே வம்பு. பேரு ஒண்ணா இருந்து நம்பர் மட்டும் வரிசையா போச்சுன்னா, இது ஒரே அசையிற படம்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். ஒவ்வொண்ணா நிறுத்தாது, கடகடன்னு ஓட்டிரும். நீங்க வேற, தைப்பூசம் தீபாவளின்னு இருபத்தஞ்சு வருஷமும் பிரிஞ்சாங் ஸ்டூடியோவுல ஒரே திரைக்கு முன்னால, ஒரே எடத்துல நின்னுருக்கீங்க.

— தலைவன்னா ஒரு நெலை வேணும்டா. சில படத்துல கைய உசத்தி மக்கள வாழ்த்துவேன். சில படத்துல துணைவியார் தோள்ல கை வச்சிருப்பேன். பண்பாடு!

— அதத்தான் ஓட்டுது. வாழ்த்து மேல போகுது, பண்பாடு கீழ எறங்குது.

— அப்ப மொகம்? அவ மொகத்துல கருப்பா என்னமோ அங்கயும் இங்கயும் ஓடுதே? எல்லாப் படத்துலயும் பவுடர அப்பிக்கிட்டுத்தானே நிப்பா?

— கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது பதினாறு கலருதான். தோலையும் பவுடரையும் ஒரே கலருன்னு சேத்துருச்சு. கன்னிப்போன எடத்துக்கு மட்டும் தனிக்கலரு கொடுத்துருச்சு.

— அழி அத.

— எங்கன்னு அழிக்கிறது? எல்லாப் படத்துலயும் ஒரே எடம்னா, ஒண்ணுல அழிச்சு நாப்பதுலயும் ஒட்டிரலாம். நீங்க ஒரே எடத்துல அடிக்கலியே... ஆ! மூக்கு தலைவரே, மூக்கு! ரத்தம் கீபோர்டு மேல ஊத்துது!

— ஊத்தட்டும். காலையில இத நீ ஓட்டிப் பாத்தியா இல்லியா?

— பாத்தேன்.

— பாத்துட்டு?

— சரியா வந்திருக்குன்னு நெனச்சேன். லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

— மணி என்னாச்சு, தம்பி?

— ரெண்டு... ரெண்டு அம்பத்தஞ்சு, அக்கா.

— இரு இரு. அந்தத் தைப்பூசப் படம் எழுபத்தொம்பதுல எடுத்தது. அது எப்படிடா மூணாவதா வருது? அடுத்தது அறுபத்தெட்டு தீபாவளி. அதுக்கு அடுத்தது போன வருஷம். வருஷப்படியே இல்லியே! கை ஏறுறதுக்கு ஒண்ணு, எறங்குறதுக்கு ஒண்ணுன்னு எவனோ பாத்துப் பாத்து அடுக்கியிருக்கான்!

— போட்டோவுக்குப் பின்னால பென்சில்ல நம்பர் இருந்துச்சு. அந்த நம்பரத்தான் வச்சேன்.

— யாரு போட்ட நம்பரு?

— தெரியாது தலைவரே.

— கைய மேசை மேல வை. மௌஸ் புடிக்கிற கை எது? இதுவா?

— சோறு திங்கிற கையும் அதுதான் தலைவரே...

— யாரு?

— தெரியா... ஐயோ! அம்மா! வெரலு! ஒடச்சிட்டீங்களே!

— இன்னும் நாலு பாக்கி இருக்கு. யாரு?

— தெரியாது! நாலையும் ஒடைங்க, தெரியாதுதான்!

— நீ சொல்ல வேணாம். போட்டோப் பைய ஒங்கிட்ட கொண்டாந்தவன் நம்ம செயலாளர் காளியண்ணன்தானே? வெளங்கிருச்சு. கோயில் தேர்தல்ல மூணு ஓட்டுல எங்கிட்ட மண்ணக் கவ்வுனவன். பழி தீத்துக்கிட்டான். கார்ல பாராங்கத்தி கெடக்கு. மொதல்ல இந்தச் சனியன ஒடச்சிட்டுப் போறேன்...

— டிஸ்க்க விடுங்க தலைவரே! ஐயோ, பொட்டி! கடன்ல வாங்கின பொட்டி!

— டிஸ்க்கு போச்சு. பொட்டியும் போச்சு. இது என்ன, வீடியோ டேப்பா? இந்தா, கோழிக் கொடல உருவுற மாதிரி உருவுறேன் பாரு. எங்கடா இப்ப ஒன் படம்? சரித்திரத்துலயே இல்ல! அடுத்தது காளியண்ணன் கை. தோள்பட்டையோட.

— நாலு புள்ளக்காரரு தலைவரே அவரு!

— அஞ்சாவது வேணாம்னு சொல்லிட்டு வெட்டுறேன்.

— ஏங்க, நில்லுங்க. காளியண்ணன விட்டுருங்க. நம்பர் போட்டது நான்தான்.

— என்னது?

— போன மாசம் எத்தன போட்டோ வேணும்னு கேக்க வந்தேன்ல. பக்கிரி தம்பி ஒரு பந்து குதிக்கிறத ஓட்டிக் காட்டுச்சு. பந்து குதிக்கவே இல்லியாம். மேல ஒரு படம், கீழ ஒரு படம், அவ்வளவுதானாம். வீட்டுக்குப் போயி நம்ம போட்டோவ எல்லாம் பாயில பரப்பினேன்.

— நீயா? கையெழுத்துப் போடத் தெரியாத கழுத, நீயா?

— நம்பர் தெரியுமே. பதினெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து நிறுக்குற தராசு முன்னாலதானே நின்னேன்.

— கொன்னுருவேன்டி. வெட்டி பெர்த்தாம் ஆத்துல விட்டுருவேன். நானூறு பேருக்கு முன்னால என் தகுதி என்ன, தராதரம் என்ன! நல்ல வேளை, எவனும் பாக்குறதுக்குள்ள எல்லாத்தையும் ஒடச்சாச்சு. இப்ப ஒன் மூஞ்சி...

— அக்கா, கதவுப் பக்கம் ஓடிருங்க!

— பரவால்ல தம்பி. கைய உசத்துறாரு, அவ்வளவுதான். மணி என்னாச்சு?

— மூணே கால், அக்கா.

— தம்பி ரெண்டு டேப்பு பதிஞ்சு வச்சிருந்துச்சுங்க. ஒண்ண காலையிலயே நம்ம மக ஜெயா வந்து வாங்கிட்டுப் போயிட்டா, மூணு மணிக்கே ஹால்ல போடச் சொல்லியிருக்கேன். இந்நேரம் சனம் பூரா 'இன்னொரு தடவ போடு'ன்னு கேட்டுக்கிட்டிருக்கும்.