கோக்சுங்காரைப் பற்றி ஒரே ஒரு வரி

ஒரே ஒரு வரி தம்பி. ஒரே வரி! அத எடுக்கச் சொல்லி நாலு நாளா நாயா அலையறேன், ஒருத்தன் காதுல போட்டுக்க மாட்டேங்கறான். உங்க ஆபீசுக்கு மூணு மாடி… லிஃப்ட்டுல ‘பழுது’ன்னு ஒட்டின சீட்டே மஞ்சளாப் போயிடுச்சு, அத நீங்கள்லாம் பத்திரிகைக்காரங்க, பாக்கறீங்களா இல்லையா? சரி, அத விடுங்க. நீங்கதானே பெய்பித்? கிரிப்டோ பத்தி முழுப் பக்கத்துக்கு எழுதினீங்களே, அந்த பெய்பித்? அப்பாடா. கீழ இருந்த பொண்ணு மூணு பெய்பித் இருக்காங்கன்னு சொல்லி பயமுறுத்திட்டா.

நான் குராலாய். வட்டார நூலகத்துல அட்டவணைப் பிரிவு. அது சம்பளத்துக்கு. சம்பளமே இல்லாம இன்னொரு வேலை இருக்கு, இணையத்துல நம்ம மொழிக் கலைக்களஞ்சியம், ஊர்க்காரங்கள்லாம் கூடி எழுதறது, அதுல பதினோரு வருஷமா எழுதறேன். எழுதறேன்னா, எழுதறத விட மத்தவங்க எழுதினத வெட்டறதுதான் ஜாஸ்தி. சான்று இருக்கா? இல்லையா? வெட்டு. அவ்வளவுதான் என் வேலை. எங்க ஆளுங்க எனக்குக் கத்தரிக்கோல்னு பேரு வச்சிருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காங்க.

அதுலயும் இந்தக் கிரிப்டோ கட்டுரைங்க இருக்கே, ஐயோ… மத்ததெல்லாம் பரவால்ல தம்பி, ஏரியப் பத்தி எழுதறவன் ஏரிய விக்க வரல. இவனுங்க விக்க வர்றானுங்க! தன் நாணயத்த தானே புகழ்ந்து எழுதுவான். சான்று குடுய்யான்னா தன்னோட வலைத்தளத்தையே காட்டுவான். அது ஆகாதுய்யா, வெளியாள் யாராவது சொல்லணும்னா, காசு குடுத்துப் போட்ட செய்திய ஒண்ணு கொண்டாருவான். ஒரு நாளைக்கு இத்தன கோடி வியாபாரம்னு எழுதுவான். யாருப்பா எண்ணினதுன்னு கேட்டா, நாங்களேதான்! எங்க மாமியார் தன் சமையலப் பத்திச் சொல்ற மாதிரி.

டீயா? வேணாம்… சரி, பால் ஊத்தியே குடுங்க. எண்ணெயில பொரிச்ச பவுர்சாக் இருந்தா ஒண்ணு. காலைல சாப்பிடல.

என்ன சொன்னேன்… ஆங், அந்த வரி. ‘கோக்சுங்கார்’னு ஒரு கிரிப்டோ சந்தை இருக்கா, நீல வல்லூறு படம் போட்டுப் பஸ்ஸெல்லாம் விளம்பரம் ஓடுதே, அதேதான். எங்க கலைக்களஞ்சியத்துல அதப் பத்தி ஒரு கட்டுரை. அதுல ஒரு வரி. ‘இச்சந்தையில் வாடிக்கையாளர் செலுத்தும் பணம் முழுவதற்கும் அரசு உத்தரவாதம் உண்டு.’ பச்சப் பொய்! அரசாங்கமாவது உத்தரவாதமாவது. உத்தரவாதம் குடுக்கற அரசாங்க ஆபீசுக்கே எழுதிக் கேட்டேன். ஒம்போதாம் நாளு பதில் வந்துடுச்சு, முத்திரையோட. இதோ, பைக்குள்ள. ‘எவ்வித உத்தரவாதமும் இல்லை.’ படிச்சுப் பாருங்க. பாத்துட்டீங்களா? எண்ணெய்க் கையோட தொடாதீங்க தம்பி.

நேரா போயி அந்த வரிய வெட்டினேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துடுச்சு! ‘சைகா’ன்னு ஒரு பயனர், மானோட பேரு, ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது. சேந்த புதுசுல வாங்கன்னு வரவேற்புச் செய்தி போட்டதே நாந்தான். ஒவ்வொரு விதியா உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். அது திருப்பிப் போட்டுட்டு எழுதுது, ‘சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்.’ என்ன சான்று? கீழ பாத்தா உங்க பத்திரிகை! உங்க பேரு! நீங்க எழுதின முழுப் பக்கம்!

மறுபடி வெட்டினேன். மறுபடி வந்துச்சு. நாலாவது தடவை வெட்டினேன் பாருங்க, என்னையே தடை பண்ணிட்டாங்க. ஒரு நாள். மூணு தடவைக்கு மேல திருப்பினா தடைன்னு விதி இருக்கு. அந்த விதிய ஓட்டுக்கு விட்டு, ஆளாளுக்கு போன் போட்டு, நிறைவேத்தினது யாருன்னு நெனக்கறீங்க? சிரிக்காதீங்க.

தடை முடிஞ்சதும், கட்டுரையப் பத்தி நாங்க விவாதிக்கற பேச்சுப் பக்கத்துல போயி மரியாதையாத்தான் எழுதினேன். ‘இது பொய்னு எனக்குத் தெரியும்.’ அதுக்கு சைகா என்ன பதில் போட்டுச்சு தெரியுமா? ‘உங்களுக்குத் தெரிந்தது சான்றாகாது. பார்க்க: சான்று விதி, எழுதியவர் குராலாய்.’ என் விதிய எனக்கே காட்டுது! சரி, முத்திரை போட்ட கடிதம் இருக்கேன்னேன். ‘வெளியிடப்படாத கடிதம் ஏற்கப்படாது. பார்க்க: அதே விதி, ஏழாம் பத்தி.’ தம்பி, உண்மையச் சொல்லவா? அந்த ஏழாம் பத்திய எழுதின அன்னைக்கு எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

கோக்சுங்காருக்கே போன் பண்ணிப் பாத்தேன். ஒரு பொண்ணு எடுத்தா, தேன் ஒழுகற குரல். உங்களுக்கு அரசு உத்தரவாதம் இருக்காம்மான்னு கேட்டேன். ‘நிச்சயமா இருக்கு மேடம், ஒரு நிமிஷம் படிக்கறேன்’னு படிக்கறா… எங்க கலைக்களஞ்சியத்தப் படிக்கறா! கமா, முற்றுப்புள்ளி விடாம!

அதான் உங்ககிட்ட வந்தேன். ஒரு திருத்தம். நாலே வரி போதும். ‘முன்பு வெளியான செய்தியில் தவறு’ன்னு. அச்சுல நாளைக்கு வரட்டும், இணையத்துல இப்பவே போட்டுடுங்க. மத்தியானத்துக்குள்ள. ஏன்னா… ஏன் மத்தியானம்னா…

எங்கண்ணன் கயிர்கென். கர்கராலிப் பக்கம், குதிரை வச்சிருக்கான். முப்பது பெட்டைக் குதிரை. அவனுக்கு அதுங்கதான் உலகம். எதாவது ஒண்ணு நொண்டுச்சுன்னா அண்ணன் சோறு எறங்காம உக்காந்திருப்பான். அவன் பொண்ணு தொல்கினுக்கு சம்பந்தம் பேசியாச்சு. மாப்பிள்ளை அல்மாத்தியில, கோக்சுங்கார்லதான் வேலை. நல்ல பையந்தான், குறை சொல்லக் கூடாது. சம்பந்திங்க வந்து பொண்ணு காதுல தோடு போட்டுட்டுப் போயிட்டாங்க, ஈரலும் ஆட்டு வால் கொழுப்பும் மாத்தி மாத்தி ஊட்டி சம்பந்தத்த உறுதி பண்ணியாச்சு. அந்த விருந்துல மாப்பிள்ளையோட அப்பா சொல்லியிருக்காரு, குதிரை எதுக்குங்க, பனிக்காலம், தீவனம், ஓநாய், வித்து எங்க பையன்கிட்ட போட்டு வைங்க, பொண்ணு பேருலயே இருக்கட்டும், அரசாங்க உத்தரவாதம்னு. அண்ணன் சரின்னுட்டான். இன்னைக்கு மத்தியானம் குதிரைங்கள ஏத்திட்டுப் போக லாரி வருது.

நீங்க எங்கண்ணன லேசுப்பட்ட ஆளுன்னு நெனச்சிடாதீங்க. மாப்பிள்ளையோட ஏழு தலைமுறைத் தாத்தா பேரையும் விசாரிச்சவன் அவன்! ரெண்டு பக்கமும் ஒரே ரத்தமா இருந்துடக் கூடாதில்ல. மூணு கிராமம் போனான். நாலாவது தாத்தா பேருல ஒரு கிழவர் ஒண்ணு சொல்ல, இன்னொருத்தர் ஒண்ணு சொல்ல, இவன் விடல, நேரா இடுகாட்டுக்குப் போயி கல்லுல இருந்த பாசியச் சுரண்டிப் படிச்சுட்டு வந்தான். எங்க கலைக்களஞ்சியத்துல கூட ஒருத்தரும் இப்படிச் சரிபாத்தது கிடையாது. அப்படிப்பட்டவன், முப்பது குதிரை விஷயத்துல என்ன பண்ணினான்? போன எடுத்து ஒரு வரியப் படிச்சான். அவ்வளவுதான்.

என்ன கேக்கறீங்க? அந்த வரி உங்களுக்கு எங்கேருந்து கெடச்சுதுன்னா? அத நாந்தானே உங்கள கேக்கணும்! நீங்க எழுதினீங்க, நீங்க… ஓ. எங்க கலைக்களஞ்சியத்துலேருந்து எடுத்தீங்களா. தெரியும். எனக்குத் தெரியும் தம்பி, தேதியப் பாத்தேன். நீங்க அங்கேருந்து எடுத்தீங்க, சைகா உங்ககிட்டேருந்து எடுத்து எங்களுக்கே சான்றா வச்சுடுச்சு, கோக்சுங்கார் ரெண்டையும் காட்டி விளம்பரம் போட்டான். வட்டம் சுத்தமா மூடிடுச்சு. ஆனா நீங்க எடுத்தப்ப அந்த வரி பக்கத்துல ‘சான்று தேவை’ன்னு சின்ன எழுத்துல ஒரு குறி இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு! அத மட்டும் ஏன் விட்டீங்க? பாக்கலையா? நல்லா இருக்கே கதை!

மொதல்ல எவன் போட்டான்னா? எவனோ… எவனோ ஒருத்தன். இணையம்னா ஆயிரம் பேரு வருவான் போவான். அத இப்ப கிளறி என்ன ஆகப் போவுது. நீங்க திருத்தத்த எழுதுங்க. டீ ஆறுது பாருங்க… என்ன தொறக்கறீங்க? பக்கத்தோட வரலாறா? அது எதுக்கு தம்பி? அதுல ஒண்ணும் இல்ல. அதுல வெறும் தேதியும் பேருந்தான் இருக்கும். தம்பி, அதக் கீழ கீழ உருட்டாதீங்க…

சரி.

ஆமா. என் பேருதான்.

அப்படிப் பாக்காதீங்க! சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் பாருங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி நூலகத்துல பயிற்சி வகுப்பு வச்சேன். பன்னெண்டு பேரு வந்தாங்க. சான்றில்லாத வரி எப்படி இருக்கும், அதுக்குக் குறி எப்படிப் போடறதுன்னு காட்டணும். திரையில கோக்சுங்கார் பக்கம் தொறந்திருந்துச்சு. எவனாவது இப்படிப் புளுகினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு, மாதிரிக்கு ஒரு வரி நானே அடிச்சேன். நல்லா பெரிய பொய்யாவே அடிப்போம், யாரு பாத்தாலும் பொய்னு தெரியணும்னு அரசாங்கத்த இழுத்தேன். குறியும் போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்த நேரம் பாத்து டீ வந்துடுச்சு. சூடா பவுர்சாக் வேற. வந்து எடுத்துடலாம்னு போனேன்… எடுக்கல. மறந்தே போயிட்டேன். பதினோரு வருஷத்துல ஊரான் வீட்டு வரி நாலாயிரத்த வெட்டியிருக்கேன். என் வரி ஒண்ணு. அது மட்டும் அங்கயே உக்காந்திருக்கு.

அதனால என்ன? சின்னத் தப்பு. நீங்களும் பாக்காமத்தானே எடுத்தீங்க? ரெண்டு பேரும் சேந்துதானே… இப்ப திருத்தத்துல ‘தொழில்நுட்பக் கோளாறு’ன்னு போட்டுக்கலாம். பேரு எதுக்கு? ஒரு பொம்பளை பேரப் போட்டு உங்களுக்கு என்ன ஆகப் போவுது?

என்ன?

அண்ணன்கிட்டயே ஏன் நேரா சொல்லலன்னா கேக்கறீங்க… கடிதத்தக் காட்ட வேண்டியதுதானேன்னா… அவ்வளவு சுலபமா இருந்தா மூணு மாடி ஏறி வருவேனா? போன வாரம் வேணாம்னு சொன்னேன் தம்பி! சொல்லாம இல்ல. கிரிப்டோல்லாம் வேணாம்ணே, விலை கூடவும் குறையவும் ஆகும்னு சுத்தி வளச்சுச் சொன்னேன். அதுக்கு அவன் போன எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டறான். ‘ஏன் குராலாய், இது நீ எழுதற புத்தகந்தானே? உன் கையத் தாண்டி அதுல ஒரு பொய் நுழையுமா?’ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்கறான்! பக்கத்துல அண்ணி, சம்பந்தியம்மா, தொல்கின், எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. எங்க வீட்டுல படிச்சவ நான் ஒருத்தி. என்னப் படிக்க வைக்கறதுக்கு அவன் எட்டாவதோட நின்னு மேய்க்கப் போனவன். அவன் முன்னாடி… எப்படிச் சொல்ல? நான் டீய எடுத்துக் குடிச்சேன்.

எனக்குக் கேவலமா இருக்கு தம்பி. போதுமா? அவன் அந்த வரிய நம்பல, உங்க பத்திரிகைய நம்பல. என்னத்தான் நம்பினான். அதான் நீங்க போடணும், உங்க பேருல, உங்க பத்திரிகையில. அப்ப நான், பாருண்ணே, புதுசா செய்தி வந்திருக்குன்னு காட்டிடலாம். யாரோ தப்பு பண்ணினாங்க, யாரோ திருத்தினாங்க. எனக்கும் அதுக்கும்…

எங்க எந்திரிக்கறீங்க? ஆசிரியரக் கேக்கணுமா? கேளுங்க, கேளுங்க, நான் இருக்கேன். எவ்வளவு நேரம் ஆகும்? தம்பி, கோட்டு எதுக்கு மாட்டறீங்க, ஆசிரியர் வெளியிலயா இருக்காரு? தம்பி… பெய்பித்! ஏம்மா, அந்தப் பக்கத்து மேஜைப் பொண்ணு, இவரு எங்க போறாரு? சாப்பாடா? பதினொண்ணரைக்கா? எப்ப வருவாரு?

ரெண்டு மணிக்கு. ம்.

மணி என்னம்மா இப்ப… சரி. சரி… ஒரு போன் பண்ணிக்கறேன். இங்கயே. நீ உன் வேலையப் பாரு.

அண்ணே? நாந்தான். குராலாய். என்ன சத்தம் அங்க… வந்துடுச்சா? எத்தன ஏத்தியாச்சு? ஆறா? அண்ணே, எறக்கு. எறக்குண்ணே. குதிரைய எறக்குன்னு சொல்றேன்! கோக்சுங்காருக்கு உத்தரவாதமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்த வரி பொய்ணே. நாந்தான் எழுதினேன். ஆமா, நானே. வேணும்னு இல்ல, விளையாட்டுக்கு ஒரு வகுப்புல எழுதி, அழிக்காம விட்டுட்டேன். போன வாரமே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு… அண்ணே? இருக்கியா? திட்டணும்னா திட்டு.

என்னது? கேக்கல… எந்தப் பத்திரிகையில போட்டிருக்குன்னா கேக்கற?

எதுலயும் போடலண்ணே. எங்கயும் அச்சாகல. நான் சொல்றேன். நான் மட்டுந்தான் சொல்றேன்… மொதல்ல அந்த லாரி எஞ்சின அணைக்கச் சொல்லு.