பேருக்குக் கீழே ரெண்டு நிமிஷம்

“ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும்னு என் பேருக்குக் கீழ எழுதுங்கண்ணா.”

செங்கம் சாலை பிரவுசிங் சென்டரில், வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது இது காதில் விழுந்தது. சொன்னவர் அதே சாலையிலுள்ள ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணிப்பை தைத்துக் கொடுக்கும் பெண். ஊர் திரும்பிய ஜெர்மன்காரர் ஒருவர் தன் கடைக்குப் பை வேண்டுமென்றும், போனில் பேசி முடிவு செய்யலாமென்றும் மெயில் அனுப்பியிருந்தார். சென்டர்காரர் பதிலை அடித்து முடித்துவிட்டு, அடியில் வைக்கும் கையொப்பத்துக்கு வந்திருந்தார்.

“பிசினஸ் மெயில்ல அப்படியெல்லாம் யாரும் போடறதில்லமா. பேரு, ஊரு, போன் நம்பர், அவ்ளோதான்.”

“போன் என்னுதில்லயே. பக்கத்து மளிகைக் கடையோடது. போன வாட்டி கடைக்காரர் எடுத்துப் பேசினதும், ஒரு வெள்ளைக்காரம்மா ராங் நம்பர்னு வெச்சிட்டாங்க. ஆர்டர் போச்சு.”

“பக்கத்துக் கடை போனுன்னு தெரிஞ்சா மதிப்பு கம்மியாயிடும்.”

“பையைப் பாத்துதானே கேக்கறாரு. என் பேரைச் சொல்லட்டும், ரெண்டு நிமிஷத்துல ஓடியாந்துடுவேன்னு போடுங்க.”

சென்டர்காரர் அதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்து வாசித்துக் காட்டினார். கல்லூரியில் நான் படித்த வணிகக் கடிதங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான கையொப்பம் இருந்ததில்லை.

“பேருக்குப் பக்கத்துல ப்ரொப்ரைட்டர்னாவது போடட்டுமா?”

“அப்டின்னா?”

“முதலாளி.”

அந்தப் பெண் சற்று யோசித்தார்.

“வெட்டறதும் நான்தான், தைக்கறதும் நான்தான். போடுங்க.”