பேர் பார்க்காத டாக்டர்

இல்லம்மா, போன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அடிக்காம கையிலேயே வெச்சுக்கிட்டு முழிக்கிறேன். எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லணும். புருஷன் வந்து நின்னாத்தான் ஆபரேஷனுக்குத் தேதி குடுப்பேன்னு உள்ள இருக்கிற சர்ஜன் கறாரா சொல்லிட்டாரு. ஆமா, எனக்குத்தான். வயித்துல கட்டி. அட, நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போடுறீங்க? கட்டிகூடப் பரவாயில்ல, அதை இவருகிட்ட எப்படிச் சொல்றதுங்கிறதுதான் எனக்குப் பெரிய தலைவலி.

வெளியூரா? நீங்க வேற. ரெண்டு தெரு தள்ளி ஆராய்ச்சி நிலையத்துல மைக்ராஸ்கோப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. பேத்தாலஜிஸ்ட். ஊசி மருந்து குடுக்கிற டாக்டர் இல்ல. வயித்துலயும் குடல்லயும் கிள்ளி எடுத்த துணுக்கைக் கண்ணாடியில வெச்சு, சாயம் போட்டு, கேன்சரா இல்லையான்னு சொல்றவரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே ஆராய்ச்சிதான். குடலைத் தெரியும், குடலுக்கு வெளியில ஒரு ஆள் இருக்கிறது மட்டும் தெரியாது. ஒரு கல்யாணத்துல ஒருத்தர் ஓடிவந்து இவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்கதான் சார் என் உசுரைக் காப்பாத்துனீங்கன்னு அழறாரு. இவரு திருதிருன்னு முழிக்கிறாரு. பெருங்குடல் சார், இடது வளைவுன்னு அவரு சொன்னாரோ இல்லையோ, அடடே, நீங்களா, சௌக்கியமான்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு! மானம் போச்சு.

சாப்பாட்டுல கையை வெச்சுக்கிட்டே, இன்னிக்கு ஒரு குடல் பார்த்தேன்னு ஆரம்பிப்பாரு. என் தங்கச்சி எங்க வீட்டுல சாப்பிடுறதையே விட்டுட்டா.

அவருக்கு ஒரு வழக்கம் இருக்கும்மா, அதுலதான் வந்தது வினை. அந்தக் கண்ணாடிச் சிலைடு யாரோடதுன்னு பார்க்கவே மாட்டாரு. பேரு, வயசு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியக்கூடாது. உதவிக்கு இருக்கிற பொண்ணு எல்லாத்தையும் காகிதம் ஒட்டி மறைச்சு, நம்பர் மட்டும் போட்டுக் குடுக்கணும். பேரைப் பார்த்தா மனசு கண்ணை ஏமாத்திடும்பாரு. ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்ட அப்புறமும் பிரிச்சுப் பார்க்கிறது கிடையாது.

நான் சும்மா வயித்து வலின்னு நெனச்சு, அவருக்குத் தெரியாம இங்க வந்து குழாய் விட்டுப் பார்த்துக்கிட்டேன். சொன்னா வீட்டுலயே ஒரு பிரசங்கம் நடக்குமே! எடுத்த துணுக்கு இங்க யாருக்கும் பிடிபடல. இதுல பெரிய ஆள் ஒருத்தருக்கு அனுப்பியிருக்கோம்னாங்க. ஆமாம்மா, அதே பெரிய ஆள்தான். சிரிக்காதீங்க. பேரை மறைக்கிற அந்தப் பொண்ணுக்கும் என் பேரு தெரியாது, மேடம்னுதான் கூப்பிடுவா.

போன வாரம் இங்கேர்ந்து போன் பண்ணி, வந்திருக்கிற கட்டிக்கு என்னமோ வாயில நுழையாத பேரைச் சொன்னாங்க. ஒரு சீட்டை எடுத்துக் குறிச்சுக்கிட்டேன். சாயங்காலம் இவரு செருப்பைக்கூடக் கழட்டாம துள்ளிக்கிட்டு வர்றாரு. இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன் பாரு, இரைப்பையில, என்னா அழகு, என் சர்வீஸ்லயே இப்படி ஒண்ணு கண்ணுல பட்டதில்லங்கிறாரு. நான் எழுத்துக்கூட்டி எழுதி வெச்ச அதே பேரை இவரு பாட்டு மாதிரி பாடுறாரு!

சோத்தைப் போட்டுக்கிட்டே, அந்த ஆள் பொழைச்சுக்குவாங்களான்னு கேட்டேன். நான் என்னிக்கு இதெல்லாம் கேட்டிருக்கேன்? சாப்பிடுறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாரு. இது சோம்பேறிக் கட்டி, சீக்கிரம் பரவாது, சுத்தமா வெட்டி எடுத்துட்டா அந்த ஆள் என்னைவிட ரொம்ப நாள் இருப்பாங்கன்னாரு. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு அழுகை. தும்மல்னு சொல்லிச் சமாளிச்சேன். அப்பவே சொல்லியிருக்கணும். ஆனா சின்னப் பிள்ளை மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்துல. இடிஞ்சு போயிடுவாரும்மா, எனக்குத் தெரியும்.

சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க. இந்தா, அடிச்சுட்டேன். ரிங் போகுது. லேசுல எடுக்க மாட்டாரு.

நேத்து டிபன் டப்பாவை மறந்துட்டாருன்னு அவரு ரூமுக்குப் போனேன். மேசையில என் போட்டோ ஒண்ணு வைங்கன்னு நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்கிறேன், இடமில்ல இடமில்லன்னே காலத்தை ஓட்டிட்டாரு. நேத்துப் பார்த்தா, அந்தச் சிலைடைப் பெருசாப் படம் எடுத்து, சட்டம் போட்டு, நடு மேசையில வெச்சிருக்காரு. ரோஸும் ஊதாவுமா. சும்மா சொல்லக்கூடாது, அழகாத்தாம்மா இருந்தேன்.

ஹலோ? ஏங்க, நான்தான். இல்ல, வீட்டுல இல்ல. உங்க மேசையில படம் வெச்சிருக்கீங்களே, அது யாருன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்.