ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்க்காத ஆட்டக்காரன்

எனக்கு வடிவாக எழுத வராது, மறதியும் கூட, குறை நினைக்காதீர்கள். இங்கே மோர்னிங்சைட் வீதியால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் பேஸ்போலையும், அதில் பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தையும் பற்றிக் கதைத்தார்கள்.

"இருபது வருசம் விளையாடினவன். அவ்வளவு ஹிற் அடிச்சவனை ஹோல் ஒஃப் ஃபேமில எடுக்காமல் வேற ஆரை எடுக்கிறது?" என்றான் தொப்பி போட்டவன்.

"தன்ர விளையாட்டிலயே காசுப் பந்தயம் கட்டிப்போட்டு, கேட்கேக்க இல்லையெண்டவனெல்லே" என்றான் மற்றவன்.

"ஒரு பொய்தானேடா."

"ஒண்டு காணும். பிறகு மற்றதொண்டையும் பாக்கமாட்டாங்கள்."

தொப்பிக்காரன் யன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "மச்சான், நாளைக்கு என்ர அகதி விசாரணை. கொழும்பில இருந்திட்டு, இருக்கேல்லையெண்டு எயார்போட்டில பொய் சொல்லிப்போட்டன்."

மற்றவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "உது பேஸ்போலடா. விசாரணை வேற."

"வேறயோ?"

மற்றவன் எட்டி மணிக்கயிற்றை இழுத்தான்.

அந்த ஆட்டக்காரனைப் பிறகாவது உள்ளே எடுத்தார்களா? தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.